கானகத்தின் விருந்தினராய்ச் செல்வோம்!

 

பெருநாள் தொழுகை நிறைவேறி, உற்றார் உறவினரைக் கண்டு, விருந்துண்டு மகிழ்ந்த மறுநாள், "எங்கேனும் போய்வரலாமே" என்று பிள்ளைகள் கேட்பது நம் இல்லங்களில் வழக்கம். தேனி மாவட்டத்தில் வாழ்வோருக்கு அவ்வேளையில் முதலில் நினைவுக்கு வரும் ஊர் தேக்கடி. மயிலாடும்பாறையில் வண்டியேறினால் கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாகத் தேனி. அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் கடந்து, லோயர் கேம்ப்பிலிருந்து மலைச்சாலையின் வளைவுகளில் ஏறிக் குமுளியை அடையலாம். தேனியிலிருந்து குமுளிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். அதிகாலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். ஓரிரவு தங்கினால் இன்னும் சிறப்பு.

இப்பயணம் எளிது. ஆனால் ஒரு கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் அங்கே வேடிக்கை பார்க்கச் செல்கிறோமா? அல்லது விருந்தினராகச் செல்கிறோமா? விருந்தினர் என்றால் வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார். அவர் யார் என்பதை அறிந்துகொள்வது விருந்தினரின் முதற்கடமை.

நம் வயலுக்கு வரும் நீர்

தேக்கடி ஏரி இயற்கையில் அமைந்ததன்று. கர்னல் பென்னி குயிக் என்னும் ஆங்கிலப் பொறியாளரின் தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையினால் உருவானது அது. அன்று நீரில் மூழ்கிய மரங்களின் பட்டுப்போன தண்டுகள், நூறாண்டுகளுக்கு மேலாகியும் ஏரியின் நடுவே நின்றுகொண்டிருப்பதைப் படகில் செல்வோர் காணலாம். மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு நம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்கு அதுவே உயிர்நீர். பின்னர் அது வைகையில் கலந்து மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரை செல்கிறது.

திருவாங்கூர் அரசு 1934இல் இவ்வேரியைச் சூழ்ந்த காட்டைப் பாதுகாப்பிடமாக்கியது. 1978இல் அது புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். அக்காடு மழையை ஏற்று, வேரில் தேக்கி, ஓடைகளில் சிறுகச் சிறுக விடுவதால்தான் ஏரியில் நீர் நிற்கிறது. நம் தட்டில் விழும் ஒவ்வொரு பிடிச் சோற்றிலும் அக்காட்டுக்குப் பங்குண்டு. ஆக, நாம் காணச் செல்வது நமக்கு நன்மை செய்தவரின் வீட்டை!

உங்களைப் போன்ற சமுதாயங்கள்

பூமியில் ஊர்வனவும், சிறகடித்துப் பறப்பனவும் மனிதர்களாகிய நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறையின் அல் அன்ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. யானை, தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயர்களால் அத்தியாயங்களையே சூட்டியிருக்கும் வேதம் நம்முடையது. சுலைமான் (அலை) அவர்களின் பெரும்படை வருவதைக் கண்டு தன் இனத்தாரை எச்சரித்த எறும்பின் வரலாற்றை நம் பிள்ளைகள் மதரஸாவில் கற்கிறார்கள். அந்நபி அவ்வெறும்பின் சொல்லைக் கேட்டுப் புன்னகைத்து, இறைவனுக்கு நன்றி செலுத்தினார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் பயணம் சென்றபோது, சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட அண்ணலார், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதையும், வேட்டைப் பிராணிகளை விரட்டுவதையும் தடுத்து, அதனைப் புனித எல்லையாக அறிவித்தவர்களும் அவர்களே. காட்டுயிர்ப் பாதுகாப்பு என்பது அயல்நாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுமை என்று எண்ணுவோர் இவற்றைச் சிந்திக்கட்டும்.

இவ்வெண்ணத்தோடு படகில் ஏறிப் பாருங்கள். காலை முதற்படகே சிறந்தது. நீர் வற்றிக் கரையில் புல் தெரியும் கோடை மாதங்களில் யானைக் கூட்டங்கள், காட்டுமாடுகள், மிளாக்கள், காட்டுப் பன்றிகள் நீரருகே வரும். பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்தும். நல்வாய்ப்பிருந்தால் நீர்நாய்களும் தென்படும். புலியைக் காண்பது மிக அரிது. அதற்காக மனம் வருந்த வேண்டாம். நாம் அதைக் காணாவிட்டாலும் அது நம்மைக் கண்டிருக்கக்கூடும்!

படகில் ஓர் ஒழுக்கம் உயிரோடு தொடர்புடையது. 30.9.2009 அன்று மாலை இவ்வேரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் ஒரே பக்கமாகச் சென்றதும், படகின் அமைப்பிலிருந்த குறைகளும் காரணங்களாகக் கூறப்பட்டன. இன்று உயிர்காப்பு உடுப்பு அணியாமல் எவரும் படகில் பயணம் செய்ய இயலாது. ஆயினும், இருக்கையை விட்டு எழாமல் இருப்பதும், பிள்ளைகளைக் கையில் பிடித்திருப்பதும் நம் பொறுப்பு. அமைதியாக அமர்ந்திருந்தால் உயிருக்கும் பாதுகாப்பு. விலங்குகளும் மிரளாமல் நிற்கும்.

காட்டின் மக்கள்

இனி, மனிதராகிய வீட்டுக்காரர்களிடம் வருவோம். தேக்கடியை ஒட்டி மன்னாக்குடி, பளியக்குடி என்னும் குடியிருப்புகள் உள்ளன. காட்டுக்குள் வாழ்ந்துவந்த மன்னான், பளியர் இன மக்கள் குடியமர்த்தப்பட்ட இடங்கள் இவை. மன்னான் மக்கள், தம் முன்னோர் பாண்டிய நாட்டு மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகக் கூறிவருகின்றனர். அவர்களின் பேச்சு தமிழோடு நெருங்கியது. கோவலன் கண்ணகி வரலாற்றைக் கூத்தாக ஆடுபவர்கள். அவர்களுக்கு இன்றும் ஓர் அரசர் உண்டு; கட்டப்பனைக்கு அருகிலுள்ள கோவில்மலையில் அவர் வாழ்கிறார். 2025ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பைக் காண அவர் டில்லிக்கு அழைக்கப்பட்டார்.

பளியர்களோ நம் வருசநாட்டு மலைகளுக்கும் உரியவர்கள். காட்டு வள்ளிக்கிழங்கும் தேனும் அவர்களின் பழைய உணவு. உயர்ந்த பாறைகளிலும் மரங்களிலும் தொங்கும் கூடுகளில் தேன் எடுப்பதில் அவர்களுக்கு நிகரில்லை. மலைகளிலும் மரங்களிலும் வீடமைத்துக்கொள்ளுமாறு இறைவன் தேனீக்கு உணர்த்தியதாக அந்நஹ்ல் அத்தியாயம் கூறுவதை ஓதும் நாம், அவ்வீடுகளின் வழியறிந்த மக்களை மதிக்க வேண்டாமா?

அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை பளியர்களிடையே தங்கி ஆராய்ந்தார். பிறரை அவமதிக்காமலும் பிறர்மீது அதிகாரம் செலுத்தாமலும் வாழ்வதை அவர்கள் உயர்ந்த நெறியாகக் கொண்டிருப்பதையும், சச்சரவு எழுந்தால் கைகலக்காமல் அவ்விடத்தை விட்டு விலகிவிடுவதையும் அவர் எழுதினார். மல்யுத்தத்தில் வீழ்த்துபவனைவிடச் சினத்தை அடக்குபவனே வீரன் என்ற நபிமொழியை மேடைதோறும் முழங்கும் நாம், அதை வாழ்ந்து காட்டும் மக்களைக் "காட்டுவாசி" என்று இளக்காரமாகப் பேசலாமா?

மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது அல் ஹுஜுராத் அத்தியாயத்தின் போதனை. அதே அத்தியாயம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும் தடுக்கிறது. பழங்குடியினரின் ஆடலைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், இவ்விரு போதனைகளையும் நெஞ்சில் நிறுத்துங்கள். அவர்களின் வழிபாடும் சடங்கும் அவர்களுக்குரியவை. நம் கேலிக்குரியவை அல்ல. கேளாமல் படம் எடுப்பதும், பெண்களை உற்று நோக்குவதும், பிள்ளைகளுக்கு மிட்டாயை வீசுவதும் விருந்தினர் செய்யும் செயல்களா?

பட்டை உரித்த கைகள்

தேக்கடிக் காட்டில் ஒரு காலத்தில் சந்தனமும், வயணா எனப்படும் காட்டு இலவங்கப் பட்டையும் களவாகக் கடத்தப்பட்டன. வனத்துறை வழக்குமேல் வழக்குத் தொடுத்தும் களவு நின்றபாடில்லை. 1996இல் இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய காலத்தில் வேறொரு வழி காணப்பட்டது. பட்டை கடத்திய இருபதுக்கும் மேற்பட்டோர் முன்வந்து சரணடைந்தனர். அவர்கள் ஒரு குழுவாக அமைக்கப்பட்டு, காட்டைக் காவல் காப்பவர்களாகவும், பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் ஆக்கப்பட்டனர். காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்த கால்கள் அல்லவா அவை! களவுக்குப் பயன்பட்ட அறிவு காவலுக்குப் பயன்பட்டது. தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது என்று நாம் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த உலகியற் சான்று எது?

பெண்களும் பின்தங்கவில்லை. 2002 முதல் "வசந்த சேனை" என்ற பெயரில் குமுளிப் பகுதி மகளிர் ஊதியம் ஏதும் பெறாமல் காட்டில் ரோந்து சுற்றி வருகின்றனர். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் இடையே நேரம் ஒதுக்கிச் செய்யும் தொண்டு இது. நம் சகோதரிகள் எண்ணிப் பார்க்க வேண்டிய முன்மாதிரி.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம் வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மன்னான், பளியர் மக்கள் மிளகுக்கொடி வளர்ப்பவர்கள். அவசரத் தேவைக்கு முன்பணம் வாங்கி, கொடியில் இருக்கும் மிளகை மலிவான விலைக்கு எழுதிக்கொடுத்து, ஆண்டுதோறும் கடனிலேயே உழன்றனர். சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைந்தபின் அக்கடன்கள் தீர்க்கப்பட்டு, மிளகை ஒன்றாகச் சேர்த்து நல்ல விலைக்கு விற்கும் வழி பிறந்தது.

பழம் முற்றும் முன்னே மரத்தில் வைத்து விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். முழு விலையையும் முன்னரே கொடுத்து, அளவும் தவணையும் தெளிவாகப் பேசிச் செய்யும் ஸலம் வணிகத்தை அனுமதித்தார்கள். முன்னது, விளைச்சல் பொய்த்தால் ஒருவர் பொருளை மற்றவர் அநியாயமாய் உண்ணும் நிலைக்கு வழிவகுக்கும். பின்னது உழைப்பவனுக்கு உதவும். ஏலமும் மிளகும் நம் பள்ளத்தாக்கின் பெரிய வணிகங்கள். நம் சமுதாயத்தார் பலர் அதில் ஈடுபட்டிருக்கின்றனர். எழுத்தறியாத மலைவாசியின் தேவையை நம் இலாபமாக்கினால், நம் தராசு மறுமையில் என்ன சொல்லும்? கடைவீதியில் ஒரு புட்டித் தேன் வாங்கும் பயணிக்கும் இதே கேள்வி உண்டு. எடுத்தவனுக்கு நியாயமான கூலி சேர்கிறதா?

உலகம் கற்ற பாடம்

இது தேக்கடியின் கதை மட்டுமன்று. நேபாளத்தின் சிட்வான் காடுகளில் தாரு என்னும் பழங்குடியினர் நெடுங்காலமாக வாழ்ந்தனர். மலேரியாவுக்கு அஞ்சிப் பிறர் நுழையாத நிலம் அது. 1973இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. பல ஊர்கள் இடம்பெயர நேர்ந்தது. காண்டாமிருகம் காணவரும் வெளிநாட்டார் மாலையில் தாருக்களின் கோலாட்டம் பார்த்துத் திரும்பினர். பூங்காவின் வருவாயில் தாருக்களுக்குப் பங்கில்லை. பின்னர் 1990களில் சட்டம் மாறி, வருவாயில் நூற்றுக்கு 30 முதல் 50 வரை சுற்றுப்புற ஊர்களுக்குச் செலவிட வழி செய்யப்பட்டது. நூற்றுக்கும் கீழே சென்றிருந்த காண்டாமிருகங்கள், 2021 கணக்கெடுப்பில் சிட்வானில் மட்டும் 694 ஆகப் பெருகியிருந்தன. கடுங்காவலோடு, ஊர்மக்களுக்குக் காட்டின்மேல் உரிமையுணர்வு பிறந்ததும் இதற்குத் துணை நின்றது.

இப்பாடம் இப்போது மயிலாடும்பாறையின் வாசலுக்கே வந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகமான இதன் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மூல வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகள் இதனுள் அடங்கும். மலைக்காடு அழிந்தால் மூல வைகை வெறும் மணற்பாதையாகிவிடும். எனவே காடு காக்கப்பட வேண்டும், ஐயமில்லை. அதே வேளையில், தலைமுறைகளாக அங்கு வாழ்வோர் வெளியேற்றப்படுவோமோ என்ற அச்சத்தில் இருக்கின்றனர். பழங்குடியினருக்கும், மூன்று தலைமுறைகளாகக் காட்டைச் சார்ந்து வாழும் பிறருக்கும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை வழங்கியிருக்கிறது. அவ்வுரிமையைக் கேட்கும் மனுவை எழுதத் தெரியாத ஓர் அண்டை வீட்டாருக்கு எழுதிக்கொடுப்பதும் அறம்தான். படித்த நம் இளைஞர்கள் இதனைச் செய்யலாம்.

புறப்படும் முன்

தாய்மார்களே! சோறு கட்டும்போது பிளாஸ்டிக் பைகளைத் தவிர்த்துவிடுங்கள். எவர்சில்வர் தூக்கும் துணிப்பையும் போதும். உணவைக் குமுளியிலேயே உண்டு முடியுங்கள். குரங்குக்கு ஊட்ட வேண்டாம். அது இரக்கமாகத் தோன்றினாலும், அதன் இயல்பைக் கெடுக்கும் தீங்கு. பாட்டுப் பெட்டி வேண்டாம். பளிச்சிடும் உடைகளைத் தவிர்த்து மங்கிய நிற உடைகளை உடுத்துங்கள். குமுளியில் பள்ளிவாசல் உண்டு. படகு நேரத்தைத் தொழுகை நேரத்துக்கேற்பத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆடவர்களே! வழிகாட்டியாக வரும் மலைவாசி அண்ணனின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லி மரியாதையாக அழையுங்கள். அவரிடம் ஒரு மரத்தின் பெயரையாவது கற்றுக்கொண்டு திரும்புங்கள்.

பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பார்க்கத் திருமறை நம்மை அழைக்கிறது. அவ்வழைப்பை ஏற்றுச் செல்லும் பயணம் இபாதத்தாகும்; ஆரவாரமாய்ச் செல்லும் பயணம் வெறும் செலவாகும். காட்டையும் அதன் மக்களையும் கண்ணியத்தோடு கண்டுவரும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.