முப்பது நாள் கூரை

2017 செப்டம்பர் 18 இரவு, டொமினிக்கா தீவின் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் தன் வீட்டுக் கூரை போய்விட்டதென்று முகநூலில் எழுதினார். மரியா சூறாவளி தீவைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம். பிரதமர் வீட்டுக்கே அந்தக் கதி. விடிந்து பார்த்தால், பத்து வீட்டுக்கு ஒன்பது வீட்டில் கூரை சேதம்.

கடல் புகுந்த இடங்களின் கதை வேறு. மற்றபடி கரீபியன் தீவுகளில் சூறாவளி நிவாரணம் என்பது பெரும்பாலும் கூரை விவகாரம். கூரை போன கையோடு மழை உள்ளே இறங்கி மெத்தை, மாவு, பள்ளிப் புத்தகம், நிலப் பத்திரம் எல்லாவற்றையும் ஊறவைத்துவிடும்.

காற்று கூரையை உறிஞ்சித் தூக்குகிறது. சரிவின்மேல் பாயும் காற்று வேகமெடுக்க, அங்கே அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்றோ கீழிருந்து முட்டுகிறது. ஜன்னல் ஒன்று உடைந்து வெளிக்காற்றும் உள்ளே புகுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. 2019 செப்டம்பர் 1 அன்று பஹாமாஸின் அபாக்கோ தீவுகளில் டோரியன் சூறாவளி மணிக்கு 295 கி.மீ. வேகத்தில் வீசியது. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிலோ சுமைக்கு ஈடான விசை. தகரக் கூரையின் சொந்த எடை அதே பரப்புக்கு ஐந்து கிலோ தேறினால் பெரிது. மூலைகளிலும் விளிம்புகளிலும் இழுப்பு இன்னும் கூடுதல். தகரம் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

இதற்கு மருந்து உண்டு, விலையும் அதிகமில்லை. கைமரத்தைச் சுவரின் தலைக்கட்டையோடு பிணைக்கும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை, கையகலம்தான் இருக்கும். மேலிருந்து அடித்த ஆணியை மேல்நோக்கி இழுத்தால் மரத்திலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். பட்டையில் ஆணிகளைப் பக்கவாட்டில் அடிக்கிறார்கள். கூரை எழும்பப் பார்க்கும்போது விசை ஆணியின் குறுக்கே விழுவதால் உருவ வழியில்லை. கூடவே, கூரை நன்றாகச் சரிந்து நாலு பக்கமும் இறங்கினால் இழுப்பே குறையும்.

சரிவின் அருமை பார்படோஸ்காரர்களுக்குப் பழைய பாடம். அங்கே 'சாட்டல்' வீடு என்று ஒன்று உண்டு: சிறிய மரவீடு, செங்குத்தான கூரை, காற்று பிடித்து இழுக்க இடம் தராத குட்டை இறவாரம். 1838இல் அடிமைத்தளை முழுதும் நீங்கியபின் தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு சொந்தம், மண் முதலாளியுடையது. விரட்டினால் பலகை பலகையாகக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் அஸ்திவாரம் கிடையாது, அடுக்கிய கற்களின்மேல் உட்கார்ந்திருக்கும். காற்றுக்குத் தோதான கூரையும் காற்றுக்கு ஆகாத அடித்தளமும் ஒரே வீட்டில்!

சரி, கூரை போய்விட்டது. முதலில் வந்து சேர்வது தார்ப்பாய். நிவாரண அமைப்புகள் தருவது பெரும்பாலும் நாலுக்கு ஆறு மீட்டர். சாதாரணமாகத் தெரியும் அந்தப் பொருளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். நடுவே கறுப்பு பிளாஸ்டிக் இழைகளின் நெசவு, இருபுறமும் வெள்ளைப் பூச்சு. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்பு ஒளியைத் தடுக்கும், நிழலும் கிடைக்கும். இரவில் உள்ளே விளக்கேற்றினால் உடை மாற்றுகிற பெண்ணின் நிழலுருவம் வெளியே விழாது. இதை யோசித்து நெய்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். தார்ப்பாயோடு கயிறு, ரம்பம், சுத்தியல், ஆணியும் சேர்ந்து வந்தால் வீட்டுக்காரரே வேலையைத் தொடங்கிவிடுவார்.

ஆனால் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை விட்டுவைப்பதில்லை. ஓரிரு வருடத்தில் அது நொறுங்கத் தொடங்கும். மரியா அடுத்து மோதிய போர்ட்டோரிக்கோவில் அமெரிக்க அரசு வீடுகள்மேல் அடித்துத் தந்த நீலப் பிளாஸ்டிக்குக்குச் சொன்ன ஆயுள் முப்பது நாள்தான். வருடங்கள் கழித்தும் மேலிருந்து பார்த்தால் ஊர் ஊராக நீலத் திட்டுகள்.

அங்கே நிரந்தரக் கூரைக்கு அரசிடம் பணம் கேட்டுப் போனவர்களிடம் பத்திரம் கேட்டார்கள். தாத்தா கட்டியது, அப்பா இருந்தது, இப்போது மகன் இருப்பது; பதிவு மட்டும் கிடையாது. இப்படிப் பலருடைய மனுக்கள் தள்ளுபடியாயின. அபாக்கோவில் நிலைமை இன்னும் மோசம். ஹைட்டியிலிருந்து குடியேறியவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த 'மட்' குடியிருப்பை டோரியன் தரைமட்டமாக்கியது. மிச்சத்தை அரசு புல்டோசர் விட்டு அகற்றி, அங்கே மறுபடி கட்டக் கூடாதென்றது. இரும்புப் பட்டையை எங்கே அடிப்பது?

2021 செப்டம்பரில் அமெரிக்கப் பேரிடர் முகமை விதியைத் தளர்த்தியது. வேறு ஆவணங்களும் செல்லும். எதுவுமே இல்லாவிட்டால், வழிவழியாக வந்த வீடு போன்றவற்றுக்கு, இது என் வீடுதான் என்று குடியிருப்பவர் எழுதிக் கொடுக்கலாம். மரியா வந்துபோய் அதற்குள் நாலு வருடம் ஆகியிருந்தது.