பூட்டிக்கொண்ட தாளம்

நாவலப்பிட்டித் தோட்டங்களில் லயத்திலிருந்து மலைக்கு ஏறக் கல்படிகள் உண்டு. பார்க்கின்சன் நோயாளர் சிலர் வாசலடியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார்கள். அவர்களே படிகளில் தடையின்றி ஏறிவிடுவதுண்டு. பார்ப்பவர்கள் இதை நடிப்பென்று நினைத்துவிடக் கூடாது. காரணம் மூளைக்குள் இருக்கிறது.

நடுமூளை ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ளது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இருபுறமும் ஒரு கரும்பட்டை வெறுங்கண்ணுக்கே தெரியும். அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைனைச் சுரந்து, மூளையின் ஆழத்தில் அசைவை நெறிப்படுத்தும் பகுதிகளுக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் இந்த அணுக்கள் மெல்ல மடிய, கரும்பட்டை வெளிறிப்போகிறது.

நாம் சும்மா இருக்கையில், அசைவை ஆளும் மூளைப் புறணியில் செக்கனுக்கு 13 முதல் 30 தடவை எழும் பீட்டா அலை ஓடும். கொழுந்து கிள்ளக் கை நீளப்போகும்போது அது தணியும். ஒன்றாய் இயங்கிய அணுக்கள் பிரிந்து தத்தம் வேலைக்குப் போகும். டோபமைன் குறைந்தால் இந்தத் தணிவு சரிவர நடப்பதில்லை. புறணியும், நடுமூளைக்குச் சற்று மேலுள்ள சப்தலாமிக் கருவும் பீட்டா தாளத்தில் பூட்டிக்கொள்கின்றன. எல்லாரும் ஒரே அடியை அடித்துக்கொண்டிருக்கும் தப்புக் கூட்டத்தில் புது அடி எடுப்பதைப் போல, அசைவு தொடங்குவது அவ்வளவு கடினமாகிறது. படியின் விளிம்போ, தரையில் போட்ட கோடோ கண்ணுக்குக் குறியானால், மூளை வேறு வழியில் காலை ஏவுகிறது.

இந்தப் பூட்டைத் தளர்த்தும் மருந்து லெவோடோபா. மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுவது அது. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் அது இருப்பதை 1937இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நோயாளர் மூளையில் டோபமைன் குறைவதை 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் கண்டறிந்தார். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் பலன் தரும் மருந்தளவைக் காட்டினார். அளவுதான் இங்கே முக்கியம். விதையை வீட்டில் அரைத்துக் குடிப்பது ஆபத்து.

மாத்திரை மட்டும் போதாதவர்களில் தகுந்த சிலருக்கு, சப்தலாமிக் கருவில் மின்முனை பதித்துத் துடிப்புக் கொடுக்கிறார்கள். பீட்டா அலையை அளந்து, தேவைக்கேற்பத் துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2025இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சும்மா இருக்கும் கை நடுங்கினால், கையெழுத்து சிறுத்துப்போனால், நடக்கையில் ஒரு கை வீசாமல் கிடந்தால், வயதாகிவிட்டதென்று விட்டுவிடாதீர்கள். நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த நோயை முற்றாகக் குணமாக்க இன்னும் வழியில்லை. ஆனால் தக்க மருந்து கிடைத்தால் பலர் மீண்டும் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள்.