ஐ.பி. கொடுக்காத கடைக்காரர்

கடை நொடித்துப்போனால் 'ஐ.பி. கொடுத்துவிட்டார்' என்று கடைத்தெருவில் பேசுவது நமக்குப் பழகிப்போன செய்தி. அமெரிக்காவில் கடை நொடித்தும் ஐ.பி. கொடுக்காத ஒரு வியாபாரி பிற்காலத்தில் ஜனாதிபதியானார். அவர் ஹாரி ட்ரூமன். அணுகுண்டு போட உத்தரவிட்டவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். அவர் கல்லாவில் உட்கார்ந்த கதை பலருக்குத் தெரியாது.

முதல் உலகப்போரின்போது, 1917-ல், ஓக்லஹோமா மாநில ராணுவ முகாமில் படைவீரர்களுக்கான கேன்டீனை நடத்தும் பொறுப்பு ட்ரூமனுக்கு வந்தது. துணி வியாபாரம் தெரிந்த எட்டி ஜேக்கப்சன் என்ற யூத இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். வீரர்களிடம் தலைக்கு 2 டாலர் வசூலித்து முதல் போட்டார்கள். கேன்டீன் நல்ல லாபம் பார்த்தது. அப்புறம் பிரான்சில் பீரங்கிப் படைக் கேப்டனாகப் போரிட்டுவிட்டு ட்ரூமன் ஊர் திரும்பினார்.

1919 ஜூனில் அவருக்குத் திருமணம். நவம்பரில் கன்சாஸ் சிட்டியில் அதே ஜேக்கப்சனுடன் கூட்டாக ஆண்களுக்கான சட்டை, டை, தொப்பிக் கடை திறந்தார். பண்ணையிலிருந்த மாடு கன்றுகளையும் தளவாடங்களையும் விற்றுத்தான் முதல் போட்டார். பட்டாளத்து நண்பர்களே முதல் வாடிக்கைக்காரர்கள். முதல் வருட விற்பனை 70 ஆயிரம் டாலரைத் தாண்டியது.

1921-ல் விளைபொருள் விலை சரிந்தது. குடியானவன் கையில் காசு இல்லையென்றால் பட்டுச் சட்டையை யார் வாங்குவார்? 35 ஆயிரம் டாலர் சரக்கில் 25 ஆயிரம் விலைச் சரிவிலேயே கரைந்துபோயிற்று. உச்ச விலையில் கொள்முதல் செய்து, இறங்கிய விலையில் விற்ற அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை! 1922-ல் கடையை மூடினார்கள்.

ஜேக்கப்சன் 1925-ல் ஐ.பி. கொடுத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் குடும்பம் இருந்தது, சட்டமும் வழி வைத்திருந்தது. ட்ரூமன் அந்த வழிக்குப் போகவில்லை. சில கடன்களைப் பேசித் தீர்த்தார், சிலவற்றைத் தவணையாகக் கட்டினார். எல்லாம் தீரச் சுமார் 15 ஆண்டுகள் ஆயின. ஓட்டுக் கேட்கப் போகிறவருக்கு ஐ.பி. பொருந்தாது என்ற கணக்கும் இருந்திருக்கலாம். இருக்கட்டுமே, கட்டியது கட்டியதுதான். அந்த வருடங்களில் மனைவியோடும் 1924-ல் பிறந்த ஒரே மகளோடும் மாமியார் வீட்டில்தான் வாசம். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பேச்சையும் தாங்கிக்கொண்டார்.

கூட்டு முறிந்தும் நட்பு முறியவில்லை. 1948 மார்ச்சில் யூதத் தலைவர் வைஸ்மனைச் சந்திக்க ஜனாதிபதி ட்ரூமன் மறுத்துவந்தார். அப்போது கன்சாஸ் சிட்டியிலிருந்து ஜேக்கப்சன் வெள்ளை மாளிகைக்கே நேரில் வந்து வாதாடினார். முதலில் ட்ரூமனுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் பழைய கூட்டாளியின் பேச்சை அவரால் தட்ட முடியவில்லை. சில நாட்களில் வைஸ்மன் உள்ளே அழைக்கப்பட்டார்.