திமிங்கிலத்திடம் டியூஷன்!

பாஸ்டன் நகரத்தில் ஒரு கடை. அங்கே இருந்த ஹம்ப்பேக் திமிங்கிலச் சிற்பத்தைப் பார்த்து ஒருவர் உச்சுக் கொட்டினார். துடுப்பின் முன்விளிம்பில் போய் முண்டும் முடிச்சுமாக வைத்திருக்கிறாரே, சிற்பி சொதப்பிட்டார் என்பது அவர் கட்சி. கடைக்காரர் ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். அட, நிஜத் திமிங்கிலத்துக்கும் முண்டு அங்கேதான்!

உச்சுக் கொட்டியவர் லேசுப்பட்ட ஆளில்லை. ஃப்ராங்க் ஃபிஷ், அமெரிக்காவின் வெஸ்ட் செஸ்டர் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர். (பெயரிலேயே மீன், மாட்டியதோ மீனே இல்லாத திமிங்கிலம்!) இறக்கையோ துடுப்போ, முன்விளிம்பு வழவழவென்று இருக்கணும் என்பதுதான் அதுவரை பாலபாடம்.

இதில் பாய்மரப் படகுக்காரர்களுக்கு என்ன வந்தது? சுக்கான்தான். பலத்த காற்றில் படகு சாய்ந்து, தானாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். ஓட்டுகிறவர் சுக்கானை எதிர்ப்பக்கம் ஒடிப்பார். ஓரளவு ஒடித்தால் படகு சொன்னபடி கேட்கும். அளவு மீறினால், சுக்கானைத் தழுவி ஓடும் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போய்விடும். 'ஸ்டால்' என்பார்கள். அந்த விநாடியில் சுக்கான் வெறும் பலகை. படகு சர்ரென்று திரும்பிப் பக்கவாட்டில் படுத்துவிடும். ஆள் கடலில் விழுவதும் பாய்மரம் முறிவதும் இந்த மாதிரி நேரத்தில்தான்.

திமிங்கிலத்தைப் பாருங்கள். சுமார் 30 டன் உடம்பை வைத்துக்கொண்டு, மூச்சுக் குமிழிகளால் வலை பின்னி, வட்டமடித்து மீன் பிடிக்கிறது! துடுப்பு மட்டுமே உடம்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதைக் கொஞ்சம் அதிகமாகவே சாய்த்தாலும், முண்டுகளுக்கு நடுவே தண்ணீர் சின்னச் சின்னச் சுழலாக உருண்டு, துடுப்பை விடாமல் ஒட்டிக்கொண்டே ஓடுகிறது.

அமெரிக்கக் கடற்படை அகாடமியின் காற்றுச் சுரங்கத்தில் வழவழத் துடுப்பு ஒன்று, முண்டுத் துடுப்பு ஒன்று என்று மாதிரி செய்து சோதித்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது. முண்டுத் துடுப்பு சுமார் 40 சதவிகிதம் கூடுதல் கோணம் வரை தாக்குப் பிடித்த பிறகுதான் ஸ்டால் ஆனது!

நான் பி.காம். வரவு எழுதினால் பற்றும் எழுதியாகணும். 2007-ல் வந்த இன்னொரு சோதனையில், நுனி கூம்பாத நேர் இறக்கையில் முண்டு வைத்தார்கள். வழவழ இறக்கை ஸ்டால் ஆகிற கோணம் வரைக்கும் முண்டுக்கு நஷ்டம்: விசை குறைந்தது, இழுவை கூடியது. அதைத் தாண்டியதும் கதை மாறி, விசை 50 சதவிகிதம் வரை அதிகம்.

ஆக, நேர்க்கோட்டில் விநாடிகளை எண்ணி ஓடுகிற ரேஸ்காரர் யோசிப்பார். பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, திடீர்க் காற்றில் மாட்டிக்கொள்கிறவர்? என் ஓட்டு முண்டுக்குத்தான் சார்.