காற்றின் நேரம் பார்த்துத் தைத்த பாய்

சித்திரை, வைகாசி வெயிலில் தாம்பரத்துக்காரர்கள் பிற்பகலில் கடல்காற்றுக்காகக் காத்திருப்பார்கள். நீலாங்கரையிலும் கானத்தூரிலும் உச்சிவேளையை ஒட்டியே கரையேறிவிடும் காற்று, பள்ளிக்கரணைச் சதுப்பைத் தாண்டி உள்ளே வந்து சேர நேரம் பிடிக்கும். மேற்கத்திக் காற்று பலமாக வீசும் நாளில் வராமலே போவதும் உண்டு. நமக்குப் புழுக்கம் தணிக்கிற இந்தக் காற்றுக்கு முன்பு வேறொரு வேலை இருந்தது. மோட்டார் வருவதற்கு முந்தைய காலத்தில் கொட்டிவாக்கம் முதல் கோவளம் வரையிலான குப்பங்களின் கட்டுமரங்களை மீனோடு வீட்டுக்குக் கொண்டுவந்தது இதுதான்.

போகும்போது உதவியது எதிர்த்திசைக் காற்று. இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால், விடியலுக்கு முன் கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். பகலில் நிலம் சூடேறியதும் திசை திரும்பிவிடும். ஆக, போகவும் வரவும் காற்று பெரும்பாலும் முதுகிலோ விலாவிலோதான் படும். வாடைக் காலத்தில் இந்தக் கணக்கு கெட்டுப்போகும் என்றாலும், ஆண்டின் நீண்ட பகுதிக்கு இதுவே நடைமுறை.

கட்டுமரத்தின் பாய் ஏன் அப்படி இருந்தது என்பதற்கு விடை இந்தக் கால அட்டவணையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உல்லாசப் படகு என்றதும் இன்று மனதில் எழும் படத்தில் வானளாவிய ஒற்றைப் பாய்மரம் இருக்கும். அதை நாலாபுறமும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள், ஒல்லியான முக்கோணப் பாய், அடியில் நீருக்குள் நீளும் கனமான கீல் எல்லாம் இருக்கும். பெர்முடா பாணி என்று பெயர். 20ஆம் நூற்றாண்டில் இது உலகமெங்கும் பரவியதில் பந்தயங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பந்தயப் பாதையில் எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறவேண்டிய கட்டம் கட்டாயம் இருக்கும். அங்கே உயரமான, ஒடுங்கிய பாய்க்கு நிகர் இல்லை. படகுப் பத்திரிகைகள் மற்ற பாய்களை எல்லாம் ‘வழக்கத்துக்கு மாறானவை’ என்று ஒதுக்குவது இந்தப் பந்தயக் கண்ணோட்டத்தில்தான்.

இந்தப் பெர்முடா பாயை நம் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். இங்கே துறைமுகம் இல்லை. வெறும் மணலும் உடையும் அலையும்தான். அடியில் கீல் நீண்டிருந்தால் மணலில் தட்டும். கட்டுமரமோ கயிற்றால் பிணைத்த மரத்துண்டுகள். கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலரப் போடுவார்கள். அதில் நிரந்தரமாகக் கம்பி கட்ட இடம் ஏது? அதனால் குட்டையான ஒரு பாய்மரம், அதில் சாய்வாகத் தொங்கும் நீண்ட கழி, கழியின் நீளத்துக்கு முக்கோணப் பாய். அலை உடையும் இடத்துக்கு வந்ததும் பாயைச் சுருட்டி, மரத்தையும் பிடுங்கிப் படுக்க வைத்துவிடலாம். காற்றின் அழுத்தம் தாழ்வாகவே விழுவதால் கவிழ்க்கும் விசையும் குறைவு. நீர்மட்டத்தோடு ஒட்டி மிதக்கும் ஒன்றுக்கு இது முக்கியம்.

சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். தென்னிந்தியப் படகுகளுக்கும் பசிபிக் தீவுகளின் படகுகளுக்கும் உறவு உண்டு என்பது அவர் வாதம். அந்த வாதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் பசிபிக்கின் ‘நண்டுக்கொடுக்கு’ பாயை மறந்துவிட முடியாது. பாய் ஆய்வாளர் செஸ்வாஃப் மார்ஹாய் அதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, காற்று விலாவில் வீசும் நிலையில் அது பெர்முடா பாயை மிஞ்சியது. சாய்ந்த விளிம்புகளில் உருளும் காற்றுச் சுழல்கள் பாயின் மறுபக்கத்தில் அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருப்பதுதான் காரணம். கான்கார்டு விமானத்தின் முக்கோண இறக்கையும் இதே வித்தையைத்தான் பயன்படுத்தியது. நம் கட்டுமரப் பாய் அச்சு அசலாக நண்டுக்கொடுக்குப் பாய் அல்ல. அந்த முடிவை இதன்மேல் அப்படியே ஏற்றிவைக்கக் கூடாது. இருந்தாலும், எதிர்க்காற்றில் ஏறும் திறனை மட்டும் வைத்து ஒரு பாயை எடைபோடுவது தவறு என்பதற்கு அது போதுமான சாட்சி.

இலங்கையின் ஒருவா என்னும் படகு கட்டுமரத்தைவிட விசித்திரம். இரண்டு கழிகளுக்கு நடுவே விரிக்கும் நாற்கோணப் பாய். ஒரு பக்கம் மட்டும் மிதவைக்கட்டை. அந்தக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்கவேண்டும் என்பதால், திசை மாற்றும்போது படகைத் திருப்புவதில்லை. முன்புறத்தைப் பின்புறமாக்கிப் பாயை மறுமுனைக்குக் கொண்டுபோவார்கள். இலங்கைக் கப்பல்களுக்கு இரு முனையும் முகப்புதான் என்று ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே குறித்து வைத்திருக்கிறார். மிதவைக்கட்டையைத் தாழ்த்திப் பிடிக்க எத்தனை பேர் அதன்மேல் போய் நிற்கவேண்டுமோ, அதை வைத்து ‘ஓராள் காற்று’, ‘ஈராள் காற்று’ என்று கணக்கு. வானிலை அறிக்கையின் கிலோமீட்டரைவிட இது எனக்குச் சட்டென்று விளங்குகிறது. பாக் நீரிணையின் வத்தை என்னும் படகில் மிதவைக்கட்டை கிடையாது. காற்று வரும் பக்கமாக ஒரு பலகையை நீட்டி அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்துகொள்வார்கள். அந்தப் படகையும் அதைக் கட்டும் முறையையும் ஷான் மெக்ரெய்ல், லூசி புளூ முதலிய ஆய்வாளர்கள் 1990களில் பதிவுசெய்தார்கள்.

சென்னையின் தென்கரையில் பாயை முதலில் ஓரம்கட்டியது வெளிப்பொருத்து இன்ஜின். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகக் குவிந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தையே அரிதாக்கிவிட்டன. இதில் வருத்தப்பட அவசரம் வேண்டாம். காற்று விழுந்த பிற்பகலில் கரைவரை துடுப்புப் போட்டு வந்த தோள்களுக்குத்தான் அந்தப் பழைய நாட்களின் அருமை தெரியும்.

‘மாறான’ பாய்கள் இப்போது விளையாட்டில் பிழைத்திருக்கின்றன. கடலோரத்தில் காணும் விண்ட்சர்ஃப் பலகைக்குச் சுக்கான் கிடையாது. பாய்மரம் அடியில் எல்லாப் பக்கமும் வளையும் இணைப்பில் நிற்கிறது; பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இயங்கும் சென்னைத் துறைமுகத்துக்குப் போனால், பிள்ளைகள் பழகும் ஆப்டிமிஸ்ட்டைக் காணலாம். 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த படகு அது, நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. அதன் நாற்கோணப் பாயின் உச்சி மூலையை, பாய்மரத்திலிருந்து குறுக்காக ஏறும் ஒரு கோல் தூக்கிப் பிடிக்கிறது. பழங்காலச் சரக்குப் படகுகளின் உத்தி. மரம் குட்டை, பாய் அகலம், பத்து வயதுப் பிள்ளை தனியாகப் பூட்டிவிடலாம்.

அதை விட்டு வளர்ந்தவர்கள் ஏறும் படகுகளில் ஒன்று லேசர் ரேடியல். இப்போதைய பெயர் ஐஎல்சிஏ 6. சென்னை வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் ஓட்டியது அதைத்தான். அதன் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு கம்பிகூட இல்லை. இரண்டு துண்டுக் குழாயைச் செருகிச் சேர்த்து, பாயை உறை மாட்டுவதுபோல அதன்மேல் இறக்கி, தளத்தில் உள்ள துளையில் நட்டுவிட்டால் படகு தயார்.