முக்குளித்த பிள்ளைகள் மலைக்குத் திரும்பும் முன்

கோலா தெர்லா வட்டார மூத்தோருக்கான சுகாதார வழிகாட்டி

பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ தியோமான், பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளுக்குப் போகலாம். அங்கே காற்றுத் தோம்பை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் முக்குளிக்கவும் செய்யலாம். முறையான பயிற்சி பெற்று, விதிகளைப் பின்பற்றினால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை வீட்டில் உள்ள மூத்தோரும் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று, நீருக்கடியில் காற்று தீர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது. மற்றொன்று, முக்குளித்தவர் உடனே கேமரன் மலைக்கு ஏறி வரக்கூடாது என்பது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு.

தோம்பில் இருப்பது என்ன?

முக்குளிப்பவரின் தோம்பு நம் சமையலறைக் கேஸ் தோம்பைப் போன்றதுதான். அதன் தலையில் ரெகுலேட்டர் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் வாய்க்கருவிக்குப் போகும். பெரும்பாலும் உள்ளே இருப்பது தனி ஆக்சிஜன் அல்ல; நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள்.

ஆழம் கூடக் கூட இந்தக் காற்று வேகமாகத் தீரும். 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்கும், 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கும் செலவாகும். மேலே ஒரு மணி நேரம் வரும் காற்று, 20 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 20 நிமிடம்தான் வரும்.

நீரில் இறங்கும் முன்

அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கு, படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காவல் இருப்பார். இன்று அந்தப் பொறுப்பு கூடவே முக்குளிக்கும் கூட்டாளியுடையது. இருவரும் ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்க வேண்டும். பிள்ளைகளிடம் இவற்றைக் கேளுங்கள்:

• தோம்பின் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா? மீட்டரைப் பார்த்துக்கொண்டே சில முறை மூச்சிழுத்துப் பார்த்தாயா? முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று பொருள்.
• மாற்று வாய்க்கருவி எங்கே இருக்கிறது? இது பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். தாடைக்கும் விலா எலும்புக்கும் இடையே, கூட்டாளியின் கைக்கு எட்டும்படி நெஞ்சில் மாட்டியிருக்க வேண்டும். பின்னால் தொங்கவோ மணலில் இழுபடவோ கூடாது.
• மிதவைச் சட்டையில் காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா?
• ஈயக் கட்டிகளை அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்ற முடியுமா?
• விசில் இருக்கிறதா?

காற்று தீர்ந்தால்

1. காற்று தீர்ந்தவர் கையைத் தட்டையாக வைத்து, தொண்டைக்குக் குறுக்கே அறுப்பதுபோல் காட்ட வேண்டும். இதுவே ‘எனக்குக் காற்று இல்லை’ என்பதற்கான சைகை.
2. கூட்டாளி தம்மிடம் உள்ள மாற்று வாய்க்கருவியை உடனே கொடுக்க வேண்டும்.
3. வாங்கியவர் அதை வாயில் வைத்து, முதலில் ஊதி உள்ளிருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். பிறகே மூச்சிழுக்க வேண்டும்.
4. இருவரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சு சீரான பின் மெதுவாக மேலேற வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது.
5. ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது. மேலே வர வர நுரையீரலில் உள்ள காற்று விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியலாம்.
6. மேலே வந்ததும், காற்று தீர்ந்தவர் மிதவைச் சட்டையை வாயால் ஊதி நிரப்ப வேண்டும். தேவைப்பட்டால் ஈயக் கட்டிகளைக் கழற்றிவிட வேண்டும்.

வழக்கமாக 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்றுவிட்டே மேலே வருவார்கள். காற்று தீர்ந்த அவசரத்தில் இந்த நிறுத்தம் விடுபட்டுப் போகலாம், வேகமும் கூடியிருக்கலாம். அப்படி வந்தவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

உடனே மலை ஏறக்கூடாது, ஏன்?

ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்குகிறது. கரைக்கு வந்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேறும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். சோடா போத்தலின் மூடியைச் சட்டென்று திறந்தால் குமிழிகள் பொங்கும் அல்லவா? வெளி அழுத்தம் திடீரெனக் குறைந்தால் உடலுக்குள்ளும் அப்படிக் குமிழிகள் உண்டாகலாம்.

மலையில் காற்றழுத்தம் குறைவு. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1440 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோலா தெர்லா அதைவிடச் சற்றுத் தாழ்வு என்றாலும், முக்குளித்தவருக்கு இதுவும் உயரமே. 300 மீட்டரைத் தாண்டினாலே உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பெர்ஹெந்தியானிலிருந்து கோலா பெசுட்டில் கரையேறி, குவா மூசாங், லோஜிங் வழியாக ஒரே பகலில் கம்போங் ராஜாவுக்கு வந்துவிடலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

விமானம் ஏறுவதற்கு, ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாள் முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது விதி. நம் மலைக்கும் அதையே பின்பற்றலாம். நினைவில் வைக்க எளிய வழி: கடைசி முக்குளிப்புக்குப் பின் முழுதாக ஒரு நாள் கீழே தங்குவது. நீரின் மேற்பரப்பில் மட்டும் கண்ணாடி அணிந்து நீந்தியவர்களுக்கு இது தேவையில்லை.

“சாப்பாட்டுக்கு வந்துவிடு” என்று நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம். “நாளைக்கு வந்தால் போதும், தங்கிவிட்டு வா” என்று சொல்லுங்கள்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்

• தோள், முழங்கை, முழங்கால் வலி
• கை கால் மரத்துப்போதல், பலவீனம், நடை தள்ளாடுதல்
• தலைசுற்றல், மிகுந்த சோர்வு, தோலில் திட்டு அல்லது அரிப்பு
• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பம், சிறுநீர் கழிக்க முடியாமை

இவை பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெரியும். “பயண அலுப்பு” என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

999ஐ அழையுங்கள். “இவர் நேற்று கடலில் முக்குளித்தார்” என்று முதலிலேயே சொல்லுங்கள். அவரைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். கீழே இருந்தால் மலைக்கு அழைத்து வராதீர்கள். மலைக்கு வந்துவிட்டால், நீங்களே காரில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் அலையாதீர்கள். முதல் சிகிச்சை ஆக்சிஜன். அதை ஆம்புலன்சிலும் தானா ராத்தா சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையிலும் தர முடியும். அழுத்த அறைச் சிகிச்சை தேவைப்பட்டால், அவ்வசதி உள்ள லூமுட் இராணுவ மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்புவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். வலி குறைந்தாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பிள்ளைகள் திரும்பியதும் ஒரு கேள்வி கேளுங்கள்: “கீழே காற்றுப் பிரச்சினை ஏதும் வந்ததா? அவசரமாக மேலே வந்தாயா?” திட்டுவார்களோ என்று இளையோர் இதை மறைப்பதுண்டு. கோபப்படாமல் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். அந்தப் பதில் மருத்துவருக்கு மிகவும் உதவும்.

நீங்களே முக்குளிக்க விரும்பினால், இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா ஆகியவற்றைக் குறிப்பிட்டு முதலில் மருத்துவரிடம் உடல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.