கருங்கல்லுக்குள் ஒரு கடிகாரம்

திருநெல்வேலி டவுணில் நெல்லையப்பர் சன்னதிக்கு முன்னே உள்ள மணிமண்டபத்தில், பெரிய தூண்களைச் சுற்றிச் சிறுதூண்கள் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. அவை தனித்தனியாகச் செய்து ஒட்டியவை அல்ல. நடுத்தூணையும் சுற்றுத்தூண்களையும் ஒரே பாறையில் குடைந்து எடுத்திருக்கிறார்கள். மெல்லத் தட்டினால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுருதி சொல்லும். மண்டபத்தைக் கட்டியவன் நின்றசீர் நெடுமாறன் என்கிறது தலவரலாறு. தாமிரபரணிக் கரையிலேயே ஆழ்வார்திருநகரியில் இசைத்தூண் உண்டு; தெற்கே சுசீந்திரத்திலும் வடக்கே மதுரையிலும் உண்டு. உள்ளே பொள்ளல் இருக்கும், கல்லில் ஏதோ உலோகம் கலந்திருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வதை எந்தக் கோயிலிலும் கேட்கலாம்.

தூண் ஏன் பாடுகிறது என்ற கேள்வியைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் ஹம்பி விட்டலர் கோயிலில் எடுத்துக்கொண்டார்கள். உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் விரிசலைப் பொருளை உடைக்காமலே கண்டுபிடிப்பது அவர்கள் தொழில். அதே முறைகளால் அங்குள்ள இசைத்தூண்களை ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொள்ளல் எதுவும் இல்லை. தூண்கள் முழுக்கத் திடமான கல். தட்டும்போது தூண் இம்மியளவு வளைந்து மீள்கிறது, மறுபக்கம் வளைந்து மீள்கிறது. அந்த அதிர்வுதான் நம் காதுக்கு வருகிறது.

எனக்கு இதில் பெரிய வியப்பு வேறொன்று. கல்லுக்குள் ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் மீயொலிக் கருவியின் முனையில் ஒரு சிறு வில்லை இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அதிர்ந்தால் மின்சாரம் கொடுக்கும். நம் கைக்கடிகாரத்துக்குள் துடிப்பதும் அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு கல்தான். நெல்லையப்பர் கோயில் சிற்பிக்குத் தெரிந்திருந்த கணக்குக்கும் அந்தக் கடிகாரக் கல்லின் கணக்குக்கும் அடிப்படையில் வேறுபாடே இல்லை.

கணக்கு இதுதான். வளைந்து அதிரும் ஒரு கம்பத்தின் அதிர்வெண், அதன் தடிமனுக்கு நேர் விகிதத்தில் கூடும். நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். மிச்சத்தைக் கல்லின் விறைப்பும் அடர்த்தியும் தீர்மானிக்கும். நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி நான்கு மடங்கு ஏறும். இரு முனையும் இறுகப் பிடிக்கப்பட்ட, ஒரு மீட்டர் உயரமும் பத்து சென்டிமீட்டர் தடிமனும் உள்ள கருங்கல் கம்பத்துக்குப் போட்டுப் பார்த்தால் நொடிக்கு நானூற்றுச் சொச்சம் அதிர்வு வருகிறது. மனிதர் பாடும் எல்லைக்குள் நன்றாக அடங்கும் சுருதி. சிற்பி தூணை மெலியச் செதுக்கச் செதுக்கச் சுருதி இறங்கிக்கொண்டே போகும். ஒரு சில்லு அதிகமாகப் பெயர்ந்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. உளியை எங்கே நிறுத்துவது என்று காதால் அறிந்தவர்கள் அவர்கள். அந்தத் தூண்களைக் காசாலும் கல்லாலும் தட்டிப் பார்ப்பவர்களைக் கண்டால் மனம் பதைக்கிறது. ஒவ்வொரு அடியும் கொஞ்சம் கல்லைப் பெயர்த்துக்கொண்டுதான் போகிறது.

இதே கணக்கில் நீளத்தை மூன்று மில்லிமீட்டராகவும் தடிமனை அதில் பத்தில் ஒரு பங்காகவும் சுருக்கி, கருங்கல்லுக்குப் பதில் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து, ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டால், நொடிக்கு முப்பதாயிரம் அதிர்வுகளை ஒட்டி விடை வரும். கடிகாரப் படிகத்தின் அளவு ஏறக்குறைய இதுதான். இரண்டு கால் கொண்ட சிறு கவை அது. நொடிக்குச் சரியாக 32,768 முறை அதிரும்படி அதைச் செய்கிறார்கள். கால்களின் நுனியில் பூசிய உலோகத்தை லேசர் கதிரால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கிச் சுருதி சேர்ப்பதும் உண்டு. நுனியின் பாரம் குறைந்தால் இங்கே சுருதி ஏறும்.

கவை அதிரும் என்பது சரி, அது மின்சாரத்தோடு எப்படிப் பேசுகிறது? 1880இல் பாரிஸில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் குவார்ட்ஸ், டூர்மலைன் முதலான படிகங்களை அழுத்தியபோது அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் உருமாற வேண்டும் என்று மறு ஆண்டே காப்ரியேல் லிப்மன் கணக்கிட்டுச் சொன்னார். சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதிசெய்தார்கள். நம் பள்ளிப் புத்தகங்கள் இதை அழுத்தமின் விளைவு என்கின்றன. குவார்ட்ஸில் சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்துக்குச் சமச்சீர் மையம் கிடையாது. அழுத்தும்போது நேர் மின்னூட்டத்தின் மையமும் எதிர் மின்னூட்டத்தின் மையமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அந்த விலகலே முகங்களில் மின்னழுத்தமாகத் தெரிகிறது. அடுப்படியில் ‘டிக்’ என்று அழுத்தும் கேஸ் லைட்டருக்குள்ளும் இதுவே நடக்கிறது. சிறு சுத்தியல் ஒன்று பீங்கான் வகை அழுத்தமின் பொருளை அடிக்க, பல ஆயிரம் வோல்ட் பிறந்து பொறி பறக்கிறது.

அப்படியானால் கோயில் தூணைத் தட்டும்போதும் மின்சாரம் வர வேண்டாமா? கருங்கல்லை உடைத்தால் கண்ணாடியாய் மினுங்கும் துணுக்குகள் குவார்ட்ஸ்தானே? ஆம், ஒவ்வொரு துணுக்கும் தட்டுக்குத் தட்டு தன் பங்கு மின்னூட்டத்தைக் காட்டவே செய்கிறது. ஆனால் பாறை குளிர்ந்தபோது அவை ஆளுக்கொரு திசை பார்த்து இறுகிவிட்டன. ஒன்று வடக்கே தள்ளுவதை மற்றொன்று தெற்கே தள்ளி ஈடுசெய்துவிடுகிறது. மொத்தத்தில் மிஞ்சுவது அநேகமாகச் சூனியம். தாமிரபரணி மணலும் உடன்குடிப் பக்கத்துத் தேரியின் செம்மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ் மணிகளே. ஆனால் அவற்றால் கடிகாரம் ஓடாது. அணுக்கள் எல்லாம் ஒரே திசையில் அணிவகுத்த ஒற்றைப் படிகம் வேண்டும்.

அத்தகைய படிகங்களை ஒரு காலத்தில் பிரேசில் சுரங்கங்களிலிருந்து கொண்டுவந்தார்கள். இன்று ஆலைகளில் வளர்க்கிறார்கள். தடித்த எஃகுக் கலத்தின் அடியில் குவார்ட்ஸ் துண்டுகள், மேலே மெல்லிய விதைப் படிகங்கள், நடுவே காரம் கலந்த நீர். சுமார் 350 டிகிரி வெப்பத்தில், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், அடியிலுள்ளது கரைந்து மேலேறி விதையில் படிகிறது. வாரக்கணக்கில் காத்திருந்தால்தான் பயன்படும் அளவுக்குப் படிகம் கிடைக்கும். பூமிக்கு அடியில் இயற்கை செய்த அதே வேலையை மனிதர் ஒரு கலத்துக்குள் செய்துவைத்திருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

தட்டிய தூண் சில நூறு முறை அதிர்ந்து அடங்கிவிடும். வெற்றிடத்தில் அடைத்த குவார்ட்ஸ் கவை பல்லாயிரம் முறை அதிரும். ஆனால் அதுவும் ஒரு கட்டத்தில் அடங்கத்தான் வேண்டும். ஊஞ்சல் ஆடுபவரை ஒவ்வொரு முறையும் பின்னால் வந்து திரும்பும் கணத்தில் இலேசாகத் தள்ளினால் ஆட்டம் ஓயாதல்லவா? மின்சுற்று செய்வதும் அதுவே. படிகம் தன் அதிர்வை மின்சாரமாகச் சொல்கிறது. சுற்று அதைப் பெருக்கி, சரியான கணத்தில் படிகத்துக்கே திருப்பித் தருகிறது. எப்போது தள்ளுவது என்பதைத் தள்ளுபவர் தீர்மானிப்பதில்லை, படிகமே சொல்லிவிடுகிறது. 1921இல் அமெரிக்காவில் வால்டர் கேடி இந்த முறையால் ரேடியோ அலைகளை நிலைநிறுத்தலாம் என்று காட்டினார். 1927இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் படிகத்தால் கடிகாரத்தை ஓட்டினார். அறை நிறையக் கருவிகளோடு தொடங்கிய அது, 1969 கிறிஸ்துமஸ் நாளில் ஜப்பானின் செய்கோ கைக்கடிகாரமாகக் கடைக்கு வந்தது. 32,768 என்ற எண் இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். ஓசூரில் வேரூன்றிய டைட்டன் நம் கைகளில் கட்டிவிட்டதும் இந்தத் துடிப்பைத்தான்.

படிகத்துக்கும் வெயில் ஒத்துக்கொள்ளாது. கடிகாரக் கவை 25 டிகிரியை ஒட்டித்தான் மிக வேகமாக அதிரும்படி வெட்டப்படுகிறது. வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அது பின்தங்கும். விலகலின் வர்க்கத்துக்கு ஏற்பப் பின்தங்கும். நெல்லையின் சித்திரை மாதத்தில், இரவும் பகலும் 35 டிகிரியில் கிடக்கும் சுவர்க் கடிகாரம், மாதத்துக்குச் சுமார் ஒன்பது விநாடி இந்தக் காரணத்தாலேயே இழக்கும். கையில் கட்டியதோ உடம்புச் சூட்டோடு ஒட்டிக் கிடப்பதால் அவ்வளவு அலைபாயாது.

கடிகாரத்துக்கு ஒன்பது விநாடி பெரிதல்ல. வானொலிக்கும் ரேடாருக்கும் அந்தப் பிழை ஆகாது. 1934இல் பெல் ஆய்வகத்தார் படிகத்தைச் சுமார் 35 டிகிரி சாய்வில் சீவினால் வெப்பத்தின் பாதிப்பு பெருமளவு நீங்கிவிடுவதைக் கண்டார்கள். பாளையங்கோட்டையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. 1992 இறுதியிலிருந்து அங்கே ஒரு ரேடார், 1.98 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே அனுப்பி, நம் தலைக்கு மேல் தொண்ணூறு கிலோமீட்டர் உயரம் வரை வீசும் காற்றை அளந்துவந்தது. பலூனும் எட்டாத, செயற்கைக்கோளும் தங்க முடியாத உயரம் அது. போன அலையையும் திரும்பிய மெல்லிய எதிரொலியையும் ஒப்பிட அசையாத ஓர் அளவுகோல் வேண்டும். இத்தகைய கருவிகளில் அந்த வேலை படிகத்துடையது.

இனி மறுபக்கம். படிகத்தின் சுருதியைக் குலைப்பது எதுவோ அதைப் படிகத்தைக் கொண்டே அளக்கலாம். 1959இல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் சாவர்பிரே, படிகத் தகட்டின்மேல் ஏதாவது படிந்தால் அதிர்வெண் அந்த எடைக்கு ஏற்பக் குறையும் என்று நிறுவினார். நொடிக்கு 50 லட்சம் முறை அதிரும் தகட்டில், ஒரே ஓர் அதிர்வு குறைந்தால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 18 நானோகிராம் படிந்திருக்கிறது என்று பொருள். ஒரு கிராமை நூறு கோடி கூறுபோட்டு, அதில் பதினெட்டுக் கூறு! கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் உலோகப் பூச்சு பூசும் வெற்றிடக் கலங்களில் பூச்சின் தடிமனைக் கணக்கு வைப்பது இப்படியொரு தகடுதான்.

எடையைப் போலவே அழுத்தத்தையும் இந்த இனப் பொருளால் அளக்கலாம். மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. எரியறைக்குள் அழுத்தம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஊசலாடத் தொடங்கினால் எஞ்சின் சிதறிவிடும். இத்தகைய சோதனைகளில் அந்த ஊசலாட்டத்தைத் துரத்திப் பிடிக்க உலகெங்கும் அழுத்தமின் உணரிகளையே நம்புகிறார்கள். வேறெதுவும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது அரிது.

ஆனாலும் இந்தக் கல் செய்யும் வேலைகளில் நம் கடற்கரைக்காரர்களுக்கு மிக நெருங்கியது கடலடியில் நடக்கிறது. ஆழ்கடலில் சுனாமி அலை ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. நீளமோ நூறு கிலோமீட்டருக்கும் மேல். கப்பலில் இருப்பவருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று அதைக் கடல் நடுவிலேயே கண்டு சொல்ல இந்தியப் பெருங்கடலில் ஒரு கருவியும் இல்லை. இன்று சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலின் அடியில் அழுத்தமானிகளை இறக்கிப் பராமரிக்கிறது. தகவல் ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்துக்குப் போகிறது.

இவ்வகை மானிக்குள் ஒரு குவார்ட்ஸ் சட்டம் அதிர்ந்துகொண்டே இருக்கும். மேலே நிற்கும் நீரின் எடை கூடினால் அந்தச் சட்டத்தின்மேல் விசை மாறும். விசை மாறினால் சுருதி மாறும். கருவி செய்வதெல்லாம் எண்ணுவதுதான். ஆயிரக்கணக்கான மீட்டர் நீருக்கு அடியில் இருந்துகொண்டு, நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலும் அது கண்டுகொள்ளும். எண்ணியதை மேலே மிதவைக்குச் சொல்வதும் மற்றோர் அழுத்தமின் வில்லை. ஒலியாகக் கூவிச் சொல்கிறது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட போல் லாஞ்செவன் குவார்ட்ஸைக் கொண்டு தொடங்கிய வித்தை அது. மிதவையிலிருந்து செய்தி செயற்கைக்கோள் வழியே கரைக்கு வருகிறது.

கடலடியிலும் வெப்பம் சிறிது ஏறி இறங்கும். அழுத்தம் மாறாதபோதும் அது சட்டத்தின் சுருதியை அசைத்துவிடும். பொய்யாக ஓர் அலையைக் காட்டிவிடும். ஆகவே பக்கத்திலேயே இரண்டாவது படிகம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கடிகாரம் செய்பவர்கள் அஞ்சி ஒதுக்கும் கோணத்தில், வெப்பத்துக்கு மிக அதிகமாக அசைந்துகொடுக்கும்படி வேண்டுமென்றே வெட்டிய படிகம் அது. முதல் படிகத்தின் எண்ணிக்கையிலிருந்து எவ்வளவைக் கழிக்க வேண்டும் என்பதை அதன் சுருதிதான் சொல்லித் தருகிறது.